எண் சதுரமும் ஒயிலரின் ஊகமும்

காலைப் பத்திரிகை வாசலை அடைந்ததும், தலைப்புச் செய்தியையும் அரசியற் கட்டுரையையும் ஒதுக்கிவிட்டு, பென்சிலும் கையுமாகப் பின்பக்கங்களுள் ஒன்றைத் தேடுவோர் இன்று உலகின் பல நாடுகளிலும் உளர். அவர்கள் தேடுவது ஒரு சதுரம். அச்சதுரத்தில் கிடையாக ஒன்பது நிரைகளும், மேலிருந்து கீழாக ஒன்பது நிரல்களும் உண்டு. ஆக 81 கட்டங்கள். அவை மும்மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஒன்பது கட்டங்கள் கொண்ட ஒன்பது பெட்டிகளாகவும் அமைந்திருக்கும். சில கட்டங்களில் மாத்திரம் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும்; ஏனையவை வெறுமையாயிருக்கும். ஒவ்வொரு நிரையிலும், ஒவ்வொரு நிரலிலும், ஒவ்வொரு பெட்டியிலும் 1 முதல் 9 வரையுள்ள எண்கள் ஒவ்வொன்றும் ஒரு முறையே வருமாறு வெற்றுக் கட்டங்களை நிரப்புதல் வேண்டும். விதி இவ்வளவே. இப்புதிரைச் சுடோக்கு என்பர்.

எண்களைக் கண்டதும் இது கணக்கு என்று அஞ்சி விலகுவோர் பலர். உண்மையில் இப்புதிரிற் கூட்டலும் இல்லை, பெருக்கலும் இல்லை. எண்களுக்குப் பதிலாக ஒன்பது எழுத்துக்களையோ, ஒன்பது பூக்களின் பெயர்களையோ இட்டாலும் புதிர் சிறிதும் மாறுவதில்லை. இங்கு எண்கள் வெறும் அடையாளங்களே. வேண்டப்படுவது ஒன்றுதான்: இருப்பதிலிருந்து இல்லாததைத் தவறின்றி உய்த்தறியும் பொறுமை.

இப்புதிரின் பெயர் யப்பானியப் பெயர். ஆனால் அது பிறந்தது ஐக்கிய அமெரிக்காவில். அதன் மூதாதையோ உருசிய நாட்டின் தலைநகரிலே ஒரு சுவிற்சர்லாந்து அறிஞரின் உள்ளத்தில் உருப்பெற்றது. இடையில் அது இங்கிலாந்தின் வயல்களிலும் வங்காளத்தின் ஆய்வுக்கூடத்திலும் தங்கிச் சென்றது. இந்த நெடும் பயணத்தினூடே ஒரு வினா தொடர்ந்து வருகின்றது. ஒன்றை ஊகிப்பதற்கும் அதனை நிறுவுவதற்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு என்பதே அவ்வினா.

லெயோனார்ட் ஒயிலர் 1707இல் சுவிற்சர்லாந்தின் பேசல் நகரிற் பிறந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சென் பீற்றர்ஸ்பேர்க்கிலும் பேர்லினிலும் கழித்தவர். கணிதத்தில் அவர் தொடாத துறை இல்லை எனலாம். முதுமையிற் கண்ணொளியை ஏறக்குறைய முற்றாக இழந்த பின்பும், பெருங் கணக்குகளை மனத்திலேயே செய்து மாணவரைக் கொண்டு எழுதுவித்து வந்தார். 1779ஆம் ஆண்டில், எழுபது வயதைக் கடந்த நிலையில், அவர் சென் பீற்றர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழகத்தின் முன் ஒரு கட்டுரையை வைத்தார். அது 1782இல் ஒல்லாந்து தேசத்தில் அச்சாயிற்று. புதிய வகை மாயச் சதுரங்களைப் பற்றியது அக்கட்டுரை.

அக்கட்டுரை ஒரு விளையாட்டுப் போன்ற வினாவுடன் தொடங்குகின்றது. ஆறு படைப்பிரிவுகள் உள்ளன. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஆறு வேறு பதவிகளைச் சேர்ந்த ஆறு அதிகாரிகள் வருகின்றனர். ஆக 36 பேர். இவர்களை ஆறு நிரையும் ஆறு நிரலுமாக நிறுத்த வேண்டும். எந்த நிரையை நோக்கினும், எந்த நிரலை நோக்கினும், ஆறு பிரிவினரும் ஆறு பதவியினரும் ஒவ்வொருவராக இருத்தல் வேண்டும். இஃது இயலுமா?

வினாவின் தன்மையை விளங்கிக்கொள்ளச் சிறிய சதுரம் ஒன்றை நோக்குவோம். மூன்று பிரிவுகளை அ, ஆ, இ எனவும், மூன்று பதவிகளை 1, 2, 3 எனவும் கொள்க. முதல் நிரையில் அ1, ஆ2, இ3 என நிறுத்துக. இரண்டாம் நிரையில் ஆ3, இ1, அ2. மூன்றாம் நிரையில் இ2, அ3, ஆ1. நேயர்கள் இதனை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பின், எந்த நிரையிலும் எந்த நிரலிலும் எழுத்தும் மீள்வதில்லை, எண்ணும் மீள்வதில்லை என்பதைக் காண்பர். ஒன்பது இணைகளும் ஒவ்வொரு முறையே வந்துள்ளன. ஆகவே ஒன்பது அதிகாரிகளை நிறுத்துதல் எளிது. நான்குக்கு நான்காகிய சதுரத்துக்கும், ஐந்துக்கு ஐந்தாகிய சதுரத்துக்கும் இவ்வாறே வழி உண்டு.

ஒயிலர் இச்சதுரங்களில் ஒரு தொகுதிக்கு இலத்தீன் எழுத்துக்களையும் மற்றொரு தொகுதிக்குக் கிரேக்க எழுத்துக்களையும் பயன்படுத்தினார். அதனால் ஒரு தொகுதி மாத்திரம் கொண்டது இலத்தீன் சதுரம் எனப் பெயர் பெற்றது. இவ்வகைச் சதுரங்களை முதன்முதற் கண்டவர் ஒயிலர் என்று சொல்வதற்கில்லை. 1646 முதல் 1715 வரை வாழ்ந்த கொரிய நாட்டு அறிஞரும் அரசியலாளருமாகிய சொய் சொக்-ஜொங் என்பவர், ஒன்பதுக்கு ஒன்பதாகிய இத்தகைய இரட்டைச் சதுரம் ஒன்றைத் தமது கணித நூலில் முன்னரே அமைத்திருந்தார். ஆயினும் எந்த அளவுக்கு வழி உண்டு, எந்த அளவுக்கு இல்லை என்று பொதுவாக ஆராயத் தொடங்கியவர் ஒயிலரே.

ஒற்றை எண்கள் எல்லாவற்றுக்கும், நான்கால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கும் அவர் வழி கண்டார். எஞ்சியவை நான்கால் வகுக்குமிடத்து இரண்டு மீதியாக வரும் எண்கள்; அஃதாவது 2, 6, 10, 14 முதலாயின. இரண்டுக்கு இயலாது என்பது சிறுவருக்கும் விளங்கும். ஆறுக்கு எவ்வளவோ முயன்றும் ஒயிலருக்கு விடை கிட்டவில்லை. எனவே இவ்வகை எண்கள் எவற்றுக்கும் இத்தகைய சதுரம் அமைக்க இயலாது என்று அவர் ஊகித்தார். இதற்குத் தம்மிடம் முறையான நிறுவல் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. இது கவனித்தற்குரியது. தாம் அறிந்தது எது, தாம் கருதுவது எது என்று பிரித்துச் சொல்லும் நேர்மை அவரிடத்து இருந்தது.

ஆனால் பெரியோர் ஒருவர் ஐயத்துடன் கூறியதைப் பின்வந்தோர் ஐயமின்றிப் பற்றிக்கொள்ளுதல் உலக வழக்கு. ஒயிலரின் ஊகத்துக்கும் இதுவே நேர்ந்தது.

அடுத்த 120 ஆண்டுகளில் ஆறு என்ற எண்ணுக்கேனும் தீர்வு காண்பதற்குப் பலர் முயன்றனர். இறுதியில் வெற்றி பெற்றவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அல்ஜீரியாவிற் பிரெஞ்சு அரசின் நிதித் திணைக்களத்திலே பணியாற்றிய கஸ்தோன் தாரி என்ற உத்தியோகத்தரே அவர். முதல் நிரையும் முதல் நிரலும் ஒழுங்காக எழுதப்பட்ட ஆறுக்கு ஆறாகிய இலத்தீன் சதுரங்கள் 9,408 உள்ளன. அவற்றை அவர் 17 குடும்பங்களாக வகுத்தார். ஒவ்வொரு குடும்பத்தையும் எடுத்து ஆராய்ந்து, எதற்கும் துணைச் சதுரம் இல்லை என்று காட்டினார். 1900, 1901ஆம் ஆண்டுகளில் அவரது ஆய்வு வெளிவந்தது. கணினி என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் தோன்றாத காலத்தில், தாளையும் பேனாவையும் கொண்டு செய்த வேலை இது. 36 அதிகாரிகளை நிறுத்த இயலாது என்பதில் ஒயிலர் கூறியது சரியே என ஐயமற நிறுவப்பட்டது.

ஒரு படியில் ஊகம் மெய்யாயிற்று. அதனால் ஏனைய படிகளிலும் மெய்யாகவே இருக்கும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. பொதுவான நிறுவலைக் கண்டுவிட்டதாகவும் சிலர் எழுதினர். 1902இலும், 1910இலும், 1922இலும் அத்தகைய நிறுவல்கள் அச்சேறின. அவை யாவும் குறையுடையன என்பது பின்னரே தெளிவாயிற்று. உண்மை என்று முன்னரே நம்பிவிட்ட ஒன்றை நிறுவ முற்படுவோரின் கண்ணுக்குத் தம் வாதத்தில் உள்ள பிழை எளிதிற் புலப்படுவதில்லை போலும்.

இதற்கிடையில் இலத்தீன் சதுரம் கணித ஏடுகளை விட்டு வயலில் இறங்கியது. இங்கிலாந்தின் றொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919இற் சேர்ந்த றொனால்ட் பிஷர் என்ற புள்ளிவிவர அறிஞர் ஒரு நடைமுறைச் சிக்கலை எதிர்கொண்டார். ஐந்து வகை உரங்களுள் எது சிறந்தது என்று அறிய வேண்டுமெனின், நிலத்தை ஐந்தாகப் பிரித்து ஒவ்வொன்றில் ஒவ்வோர் உரத்தை இடலாம். ஆனால் நிலம் எங்கும் ஒரே தன்மையதன்று. ஒரு பக்கம் ஈரம் மிகுந்திருக்கும். மறுபக்கம் மணல் கலந்திருக்கும். விளைச்சல் கூடியது உரத்தாலா, மண்ணாலா என்று பிரித்தறிவது எவ்வாறு?

விடை இலத்தீன் சதுரத்தில் இருந்தது. நிலத்தை ஐந்து நிரையும் ஐந்து நிரலுமாக 25 பாத்திகளாக்கி, ஒவ்வோர் உரமும் ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஒரு முறை வருமாறு இட்டால், வடக்குத் தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் மண்ணில் உள்ள ஏற்றத்தாழ்வு எல்லா உரங்களுக்கும் சமமாகப் பகிரப்படும். இத்தகைய சதுரங்கள் பலவற்றுள் ஒன்றைச் சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பது பிஷர் சேர்த்த நிபந்தனை. வேல்ஸ் நாட்டின் பெத்கெலேட் என்னுமிடத்தில் அவரது திட்டப்படி 1929இல் மலைச்சரிவொன்றில் ஐந்துக்கு ஐந்தாக மரங்கள் நடப்பட்டன. மரங்கள் வளர்ந்தபின், எண் புதிர் ஒன்றை நிலத்தின்மீது வரைந்தாற்போல் அச்சதுரம் தோன்றியது. றொதம்ஸ்டெட்டிற் பிஷருடன் இணைந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய ஈடன் என்பவர் பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். தேயிலை விளைச்சற் பரிசோதனைகளில் நேரும் பிழைகளைப் பற்றி 1931இல் எழுதினார். வயலின் ஏற்றத்தாழ்வை அளந்து கணக்கிடும் இப்புதிய சிந்தனை இவ்வாறு நம் நாட்டுத் தேயிலைச் சரிவுகளையும் எட்டியது.

பிஷரின் முறை இந்தியாவிலும் வேரூன்றியது. கல்கத்தாவில் மகாலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளிவிவர நிலையத்தில் ராஜ் சந்திர போஸ் என்ற கணித அறிஞர் இத்துறையில் ஈடுபட்டார். வயற் பரிசோதனைக்காகச் சதுரங்களை அமைக்கும் வேலை அவரை ஆழமான கணிதத்துக்கு இட்டுச் சென்றது. 1938இல் அவர் இச்சதுரங்களை அமைப்பதற்குச் சிறந்த பொது முறையொன்றை வெளியிட்டார். 1949இல் ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கு அவரிடம் பயின்றவர் மத்திய இந்தியாவைச் சேர்ந்த ஷரத்சந்திர ஷிரிகண்டே.

1950களின் பிற்பகுதியில், கலிபோர்ணியாவிற் பத்துக்குப் பத்தாகிய இரட்டைச் சதுரத்தைக் கணினி ஒன்றின் துணைகொண்டு தேடினர். நெடுநேரம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. எல்லா வழிகளையும் ஆராய்ந்து முடிக்க அக்காலக் கணினிக்கு மனித வரலாற்றையே விஞ்சிய காலம் வேண்டியிருந்தது. ஒயிலர் சொன்னதே சரியாகும் என்று பலரும் எண்ணினர்.

1959இல் அந்த எண்ணம் தகர்ந்தது. போசும் ஷிரிகண்டேயும் 22க்கு 22 ஆகிய சதுரம் ஒன்றை அமைத்துக் காட்டினர். கணினி நிறுவனமொன்றிற் பணியாற்றிய ஏர்னெஸ்ற் பாக்கர், கணினியின் துணையின்றியே, பத்துக்குப் பத்தாகிய சதுரத்தைக் கண்டார். பின்னர் மூவரும் சேர்ந்து, 2, 6 ஆகிய இரண்டையும் தவிர இவ்வகை எண்கள் எல்லாவற்றுக்கும் சதுரம் உண்டு என்று நிறுவினர். ஒயிலரின் ஊகம் ஆறில் மெய்யாகி, அதற்கு மேல் எங்கும் பொய்யாயிற்று. 1959 ஏப்ரில் 26ஆம் நாள் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை இச்செய்தியை முதற் பக்கத்தில் வெளியிட்டது. கணிதச் செய்தி முதற் பக்கத்தில் இடம் பெறுதல் அரிதினும் அரிது. 177 ஆண்டுகள் நிலைத்த ஊகம், ஓர் எதிர் உதாரணத்தின் முன் நிற்கவில்லை.

அறிஞர் கைகளில் இவ்வாறு வளர்ந்த சதுரம் பொதுமக்களின் பத்திரிகைக்கு வந்த கதை வேறு. பிரான்சு தேசத்துப் பத்திரிகைகள் சில 1890களில் ஒன்பதுக்கு ஒன்பதாகிய எண் சதுரங்களைப் புதிராக வெளியிட்டன. 1895இல் வெளிவந்த ஒன்று இன்றைய சுடோக்குக்கு மிகவும் அணித்தானது. ஆயினும் முதலாம் உலகப் போர்க் காலத்தையொட்டி அவ்வழக்கம் மறைந்து போயிற்று.

இன்றைய வடிவிலே புதிரை அமைத்தவர், ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ஹவார்ட் கார்ன்ஸ் என்ற கட்டிடக் கலைஞர் என்பது ஆய்வாளர் முடிபு. 1905இற் பிறந்த அவர் ஓய்வுபெற்ற பின் புதிர்கள் அமைப்பதிற் காலங் கழித்து வந்தார். 1979இல், டெல் நிறுவனத்தின் புதிர்ச் சஞ்சிகையில் எண்ணிடம் என்ற பொருள்படும் தலைப்புடன் அது வெளிவந்தது. இலத்தீன் சதுரத்துக்கு ஒன்பது பெட்டிகள் என்ற நிபந்தனையைச் சேர்த்ததே அவரது பங்கு. புதிரின் கீழ் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. அப்புதிர் வந்த இதழ்களில் எல்லாம் உதவியோர் பட்டியலில் அவர் பெயர் இருப்பதையும், அது வராத இதழ்களில் இல்லாதிருப்பதையும் கண்டே பிற்காலத்தவர் உண்மையை அறிந்தனர். சுடோக்குவின் விதியைப் போன்றே, இருப்பதையும் இல்லாததையும் ஒப்புநோக்கி அதனை ஆக்கியவரைக் கண்டுபிடித்தனர். அவர் 1989இற் காலமானார். தம் புதிர் உலகெங்கும் பரவியதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

1984இல் யப்பானின் நிக்கோலி என்ற புதிர் நிறுவனம் இதனைத் தன் சஞ்சிகையில் அறிமுகப்படுத்தியது. எண்கள் தனித்தே இருத்தல் வேண்டும் என்ற பொருளில், மணமாகாதவரைக் குறிக்கும் சொல்லை வைத்து, ஒரு நீண்ட பெயர் இடப்பட்டது. அந்நிறுவனத்தின் மக்கி கஜி அதனைச் சுருக்கிச் சுடோக்கு என்றார். தரப்படும் எண்கள் சதுரத்தில் ஒத்த அமைப்பில் இருத்தல் வேண்டும், அவை 32க்கு மேற்படலாகாது என்ற மரபுகளையும் நிக்கோலி வகுத்தது. மக்கி கஜி 2021இல் மறைந்தார்.

1997இற் றோக்கியோவின் புத்தகக் கடையொன்றில் ஹொங்கொங்கின் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இப்புதிரைக் கண்டார். அவர் நியூசிலாந்தைச் சேர்ந்த வெய்ன் கூல்ட். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் உழைத்து, இப்புதிர்களை ஆக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதினார். 2004 நவம்பர் 12ஆம் நாள் இலண்டன் ரைம்ஸ் பத்திரிகையில் அவரது முதற் புதிர் வெளிவந்தது. அடுத்த ஆண்டுக்குள் உலகின் பல பத்திரிகைகளிலும் சுடோக்கு இடம் பிடித்தது. நீதிபதி பரப்பிய புதிர் நீதிமன்றத்தையும் விட்டுவைக்கவில்லை. 2008இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிற் பல வாரங்களாக நடந்த ஒரு வழக்கில், யூரிமார் குறிப்பெடுப்பதாக எண்ணப்பட்ட வேளையிற் சுடோக்கு நிரப்பிக்கொண்டிருந்தமை தெரியவந்து, யூரி கலைக்கப்பட்டது.

இனி இப்புதிரைத் தீர்க்கும் முறையை நோக்குவோம். அடிப்படை வழிகள் இரண்டு. முதலாவது, ஒரு கட்டத்தை எடுத்து அதில் எந்த எண் வரலாம் என்று வினாவுதல். அக்கட்டத்தின் நிரையில் 1, 4, 7 உள்ளன; நிரலில் 2, 5, 8 உள்ளன; பெட்டியில் 3, 6 உள்ளன எனின், அங்கு 9ஐத் தவிர வேறெதுவும் வர இயலாது. இரண்டாவது, ஓர் எண்ணை எடுத்து அது எந்தக் கட்டத்தில் வரலாம் என்று வினாவுதல். ஒரு பெட்டியில் 5 இன்னும் இல்லை என்க. அயற் பெட்டிகளில் உள்ள ஐந்துகள் அப்பெட்டியின் மேல் நிரையையும் நடு நிரையையும் தடுத்துவிட்டன. கீழ் நிரையின் மூன்று கட்டங்களுள் இரண்டு ஏற்கெனவே நிரம்பியுள்ளன. எஞ்சிய ஒரு கட்டமே 5க்கு உரியது. கடினமான புதிர்களில் இவ்விரு வழிகளையும் நீட்டி, இரண்டு கட்டங்களையோ மூன்று கட்டங்களையோ சேர்த்து நோக்க வேண்டிவரும். ஆயினும் ஒவ்வோர் அடியிலும் கிடைப்பது முடிபேயன்றி ஊகம் அன்று.

பொறுமை இழந்தவர் ஓர் எண்ணை உத்தேசமாக எழுதி மேலே செல்வர். பிழையாயின் நெடுநேரம் கழித்தே அது வெளிப்படும். அதற்குள் எங்கே தவறினோம் என்பது மறந்துபோயிருக்கும். கணினியும் உத்தேசமாக ஓர் எண்ணை இட்டுப் பார்ப்பதுண்டு. ஆனால் அது ஒவ்வொரு கிளைவழியையும் நினைவில் வைத்து, முரண்பாடு தோன்றியதும் திரும்பி வந்து, அடுத்ததை ஆராய்கின்றது, எதனையும் விட்டுவிடுவதில்லை. தாரி 1900இற் கையாற் செய்ததும் இதுவே. ஒரு வழியை முயன்று பார்த்தல் ஊகம். எல்லா வழிகளையும் முயன்று முடித்தல் நிறுவல்.

புதிரைத் தீர்ப்பதினும் அதனை ஆக்குவதே பொறுப்பு மிகுந்தது. ஏனெனில், நல்ல சுடோக்குவுக்கு ஒரே ஒரு விடைதான் இருத்தல் வேண்டும். இரண்டு விடைகள் இருப்பின் எவ்வளவு ஆழமாகச் சிந்திப்பவரும் ஓரிடத்தில் ஊகித்தே தீரவேண்டும். ஆக்குவோர் முதலில் நிரம்பிய சதுரம் ஒன்றை எடுத்துக்கொள்வர். பின் ஓர் எண்ணை நீக்குவர். விடை இன்னும் ஒன்றுதானா என்று சோதிப்பர். ஆமெனின் அடுத்ததை நீக்குவர்.

சோதனை ஏன் வேண்டும் என்பதை நான்குக்கு நான்காகிய சிறு சுடோக்குவிற் காணலாம். நேயர்கள் நான்கு நிரைகளை எழுதுக. முதல் நிரை 1, 2, 3, 4. இரண்டாவது 3, 4, 1, 2. மூன்றாவது 2, 1, 4, 3. நான்காவது 4, 3, 2, 1. இதிற் பெட்டிகள் இரண்டுக்கு இரண்டு. முதல் இரண்டு நிரைகளையும், முதலாம் மூன்றாம் நிரல்களையும் நோக்குக. அவை சந்திக்கும் நான்கு கட்டங்களில் மேலே 1, 3 என்றும், கீழே 3, 1 என்றும் உள்ளன. இவற்றை மேலே 3, 1 என்றும் கீழே 1, 3 என்றும் மாற்றினாலும் எந்த விதியும் மீறப்படுவதில்லை. ஆகவே இந்நான்கு எண்களையும் ஒருங்கே நீக்கிவிட்டால், ஏனைய பன்னிரண்டும் அப்படியே இருப்பினும், புதிருக்கு இரண்டு விடைகள் தோன்றிவிடும். ஒன்றையேனும் விட்டுவைத்தல் வேண்டும்.

இவ்வாறே, ஒன்பதுக்கு ஒன்பதாகிய சதுரத்தில் தரப்படும் எண்களுள் எட்டு வெவ்வேறு எண்களேனும் இருத்தல் வேண்டும். 8ம் 9ம் எங்கும் காட்டப்படவில்லை எனின், விடையில் அவ்விரண்டையும் எங்கும் இடம் மாற்றி மற்றொரு விடையைப் பெறலாம் அன்றோ? ஆகக் குறைந்தது எத்தனை கட்டங்களை நிரப்பித் தரவேண்டும் என்பது இதனினும் கடினமான வினா. அவுஸ்திரேலியாவின் கோர்டன் றோயில் என்ற கணித அறிஞர், 17 எண்கள் மாத்திரம் தரப்பட்ட புதிர்களை ஆயிரக்கணக்கிற் சேகரித்தார். 16 எண்கள் கொண்ட புதிர் எவருக்கும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பது இல்லை என்பதற்குச் சான்றாகுமா? ஒயிலரின் கதையை அறிந்தோர் ஆகாது என்றே விடையளிப்பர்.

எல்லாவற்றையும் ஆராய்வது எளிதன்று. நிரம்பிய சுடோக்குச் சதுரங்கள் எத்தனை என்பதை 2005இற் பெல்கன்ஹவர், ஜார்விஸ் ஆகிய இருவரும் கணக்கிட்டனர். அத்தொகை 6,670,903,752,021,072,936,960. எண்களை இடம் மாற்றுதல், சதுரத்தைத் திருப்புதல் முதலியவற்றால் ஒன்றாகக் கருதத்தக்கவற்றை ஒன்றாகவே எண்ணினும், 5,472,730,538 சதுரங்கள் எஞ்சுகின்றன. இவை ஒவ்வொன்றிலும் 16 எண்கள் கொண்ட புதிர் மறைந்திருக்கின்றதா என்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த கேரி மக்குவயர் குழுவினர் பெருங் கணினியொன்றைக் கொண்டு தேடினர். 2012இன் தொடக்கத்தில் அவர்கள் விடையை அறிவித்தனர்: அத்தகைய புதிர் ஒன்றும் இல்லை. 17 என்பதே எல்லை. இம்முறை பலரது ஊகம் மெய்யாயிற்று. ஆயினும், ஊகம் மெய்யாயிற்று என்று சொல்லும் உரிமை தேடல் முடிந்த பின்னரே கிடைத்தது.

ஒயிலரின் அதிகாரிகளும் இன்னும் ஓய்வு பெறவில்லை. 2022இற் சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளரும் போலந்து நாட்டு ஆய்வாளரும் சேர்ந்து ஒரு புதிய முடிபை வெளியிட்டனர். அணுவுலகின் விதிப்படி ஓர் அதிகாரி ஒரே வேளையிற் பல பதவிகளும் பல பிரிவுகளும் கலந்த நிலையில் இருக்கலாம் என்று இசைந்தால், 36 அதிகாரிகளையும் நிறுத்த வழி உண்டு என்பது அம்முடிபு. இது தாரியின் நிறுவலைப் பொய்யாக்கவில்லை. வினாவின் நிபந்தனை மாறியது. அதனால் விடையும் மாறியது. நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லாதவிடத்து நிறுவலுக்கும் பொருள் இல்லை என்பதை இது நினைவூட்டுகின்றது.

சுடோக்குவைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவோர் உளர். பொழுதுபோக்கே, ஐயமில்லை. ஆனால் ஒரு சிறுவன் கட்டமொன்றில் எண்ணை எழுதுமுன் அங்கு வேறெதுவும் வரமாட்டாது என்பதற்குக் காரணம் கூறப் பழகுவானாயின், அப்பழக்கம் புதிரோடு நின்றுவிடாது. ஒயிலர் அறிந்ததை அறிந்ததென்றும், கருதியதைக் கருதியதென்றும் எழுதினார். அவரது ஊகம் தவறாயிற்று. அவரது பெருமை குன்றவில்லை. பெரியோர் சொன்னார் என்பதற்காக அதனை நிறுவப்பட்டதாகக் கொண்டவர்களே வழி தவறினர். வயலில் உரத்தைச் சோதித்தவரின் முறையைப் பற்றிச் சென்ற போஸ், அப்பெரியவரின் கூற்றையும் சோதனைக்கு உட்படுத்தினார். வெற்றுக் கட்டத்தின் முன் பென்சிலை நிறுத்திச் சற்றே சிந்திப்பவர், தாம் அறியாமலே, அவர்கள் சென்ற வழியில் நிற்கின்றார்.